காரணமின்றி நிற்குமா கணிப்பொறி?



‘காரணமே இல்லாமல்’ என்னும் தொடரை நாம் ஒரு நாளில் எத்தனை முறை சொல்கிறோம்! காரணமே இல்லாமல் தலை வலிக்கிறது என்கிறோம். காரணமே இல்லாமல் கிணற்றுப் பம்பு நின்றுவிட்டது என்கிறோம். காரணமே இல்லாமல் பையன் கணக்கில் மதிப்பெண் இழந்துவிட்டான் என்கிறோம். இத்தொடரின் உண்மையான பொருள், ‘காரணம் எனக்கு இன்னும் தெரியவில்லை’ என்பதே. இவ்விரண்டு கூற்றுகளும் ஒன்று போலத் தோன்றலாம். எனினும், முதற்கூற்றைச் சொல்பவர் அத்துடன் அமர்ந்துவிடுகிறார். இரண்டாவதைச் சொல்பவர் தேடப் புறப்படுகிறார்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், திடீர் திடீரென்று நின்றுபோகும் கணிப்பொறி. உங்களில் பலர் இதை அனுபவித்திருப்பீர்கள். 2011ஆம் ஆண்டு தொடங்கித் தமிழக அரசு வழங்கிய மடிக்கணினிகளுள் ஒன்று உங்கள் அண்ணனுக்கோ அக்காவுக்கோ கிடைத்து, இப்போது உங்கள் கைக்கு வந்திருக்கலாம். திரையில் எழுத்துகள் இருக்கும், அம்புக்குறியும் இருக்கும், ஆனால் மவுசை அசைத்தால் அம்புக்குறி நகராது, விசையைத் தட்டினால் எழுத்து விழாது. ‘ஹேங் ஆகிவிட்டது’ என்று எல்லோரும் சொல்வது இந்த நிலையைத்தான். மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் இயக்கினால், ஒன்றுமே நடவாதது போல வேலை செய்யத் தொடங்கும். மறுபடி எப்போது நிற்கும்? நாளையா, அடுத்த வாரமா? எவராலும் சொல்ல இயலாது.

முற்றிலும் பழுதாகிவிட்ட இயந்திரத்தைச் சீர்செய்வது எளிது. எங்கே வேலை நின்றதோ அங்கே குறை இருக்கிறது. ஆனால் அவ்வப்போது மட்டும் நிற்கும் இயந்திரம், பழுது பார்ப்பவர் வரும்போது ஒழுங்காக ஓடும். அவர் படியிறங்கிச் சென்றதும் நின்றுவிடும். மருத்துவர் வீட்டு வாசலை மிதித்ததும் மறைந்துவிடும் பல்வலியைப் போன்றது இது.

இஃது ஏன் இத்துணைக் கடினம் என்பதை ஓர் எண்ணால் விளக்கலாம். இன்றைய சாதாரணக் கணிப்பொறி ஒன்றின் தற்காலிக நினைவகத்தில், அதாவது நாம் ‘ராம்’ என்று சொல்லும் பகுதியில், 8 கிகாபைட் இடம் இருப்பதாகக் கொள்வோம். அதற்குள் பூச்சியமோ ஒன்றோ எழுதத்தக்க இடங்கள் ஏறத்தாழ 6,900 கோடி. அதன் மூளையாகிய செயலி நொடிக்கு 300 கோடி முறை துடிக்கிறது. இந்தக் கோடிக்கணக்கான இடங்களுள் ஒன்றில், கோடிக்கணக்கான துடிப்புகளுள் ஒன்றின்போது, பூச்சியம் ஒன்றாக மாறிவிட்டால் போதும். முழு இயந்திரமும் மலைத்து நின்றுவிடக்கூடும். குறை சிறிது, விளைவு பெரிது, வரும் காலமோ தெரியாது. இம்மூன்றும் சேர்ந்தவிடத்தில் மனிதர் காரணத்தைத் தேடுவதை விட்டுவிட்டு, ஆளைத் தேடத் தொடங்குகிறார்கள். இன்றைய பேச்சின் கவலை அதுதான்.

நான் வாழும் கடப்பாக்கம், செங்கற்பட்டு மாவட்டத்தின் தென்கோடியில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஊர். ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த மதில்கள் எங்கள் ஊருக்கு அருகே கழிமுகத்தை நோக்கி நிற்கின்றன. தெற்கே சென்றால் மரக்காணத்து உப்பளங்கள். எங்கள் வீடுகளின் சன்னல் கம்பிகளை ஆண்டுதோறும் சுரண்டி வண்ணம் பூசாவிட்டால், உப்புக் காற்று அவற்றைத் தின்றுவிடும். இங்கே ஒரு சிறு படிப்பகம் இருக்கிறது. அதில் ஒரே ஒரு கணிப்பொறி. தேர்வு முடிவு பார்ப்பதும், உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பதும், கடலுக்குப் போகுமுன் காற்றும் அலையும் எப்படி என்று பார்ப்பதும் அதில்தான்.

ஒருநாள் மாலை, கல்லூரிச் சேர்க்கை விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி கடைசிப் பக்கத்தை எட்டியபோது கணிப்பொறி நின்றுவிட்டது. அன்றே விண்ணப்பிக்கக் கடைசி நாள். மறுபடி இயக்கினார்கள், கால் மணி நேரத்தில் மறுபடியும் நின்றது. அவளுடைய அண்ணன் அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மரக்காணம் சென்று, ஒரு கடையைத் திறக்கச் சொல்லி, இரவு பத்து மணிக்கு மேல் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு வந்தான். நல்ல வேளையாக அந்தப் பெண்ணின் படிப்பு தப்பியது.

மறுநாள் படிப்பகத்தில் பேச்செல்லாம் ஒன்றே: யார் கெடுத்தது? மீனவர் குடும்பத்தைச் சேர்ந்த பிளஸ் ஒன் மாணவன் ஒருவன் அந்தக் கணிப்பொறியை மிகுதியாகப் பயன்படுத்தி வந்தான். பென் டிரைவில் பாடங்களை ஏற்றிச் செல்வான். ‘அவன் வந்து போனால்தான் நிற்கிறது’ என்றார் ஒருவர். ‘அவன் பென் டிரைவிலிருந்து வைரஸ் வந்திருக்கும்’ என்றார் மற்றொருவர். அவனை வெளியே போ என்று எவரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து அவன் வரவில்லை.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் பணியாற்றியவன் நான். ஆசிரியர் பயிற்சியின்போது எங்களுக்குக் ‘குறையறி சோதனை’ என்று ஒன்றைக் கற்பித்தார்கள். ஒரு மாணவனின் வகுத்தல் கணக்கு தவறாக வருகிறது என்றால், ‘இவன் மந்தம்’ என்று எழுதிவிடுவது ஆசிரியர் வேலை அன்று. அவனுக்குப் பெருக்கல் வாய்பாடு தெரியுமா? கழித்தல் தெரியுமா? கடன் வாங்கிக் கழிப்பதில் தடுமாறுகிறானா? ஒவ்வொரு திறனையும் தனித்தனியே சோதித்துத் தவறு எந்தப் படியில் நுழைகிறது என்று காணவேண்டும். கணிப்பொறிக்கும் அதே முறைதான் என்று படிப்பகத்தாரிடம் சொன்னேன். பழுது பார்க்கும் தொழில் செய்யும் இளைஞர் ஒருவரும், பிளஸ் டூ மாணவர் நால்வரும் உடன் வந்தனர்.

முதல் வேலையாக, கணிப்பொறியில் இருந்த ஆவணங்களை எல்லாம் வேறோர் இடத்தில் படியெடுத்து வைத்தோம். நோய் இன்னதென்று அறியுமுன் செல்வத்தைப் பத்திரப்படுத்த வேண்டும். நிற்பதற்குக் காரணம் தேய்ந்துவரும் ஹார்டு டிஸ்க்காக இருந்தால், ஆராய்ச்சி முடிவதற்குள் எல்லாம் அழிந்துபோகலாம் அல்லவா?

இரண்டாவது, ஒரு நோட்டுப் புத்தகம். வருகைப் பதிவேட்டைப் போலக் கட்டம் போட்டோம். நின்ற நாள், மணி, இயக்கத் தொடங்கி எவ்வளவு நேரம் ஆயிற்று, எந்த வேலை நடந்துகொண்டிருந்தது, மின்சாரம் ஏறி இறங்கியதா, கேப்ஸ் லாக் விசையைத் தட்டினால் அதன் விளக்கு மாறுகிறதா என்று எழுதினோம். இந்தக் கடைசிக் கேள்வி முக்கியமானது. விளக்கு மாறினால், இயந்திரம் உயிரோடு இருக்கிறது, ஏதோ ஒரு செயலி மட்டும் சிக்கிக்கொண்டிருக்கிறது என்று கருதலாம். விளக்கும் மாறவில்லையென்றால், முழு இயந்திரமும் நின்றுவிட்டது என்று கருத இடம் உண்டு.

மூன்று வாரங்களில் 11 முறை நின்றது. பதினோரு முறையும் கேப்ஸ் லாக் விளக்கு மாறவில்லை. இயக்கத் தொடங்கிய முதல் அரை மணிக்குள் ஒருமுறையும் நிற்கவில்லை. மின்சாரத் தடுமாற்றம் இருந்தது இரண்டு முறை மட்டுமே. மேலும் ஒன்று: அந்த மூன்று வாரமும் அந்த மாணவன் படிப்பகத்தின் பக்கமே வரவில்லை.

‘ஆனாலும் அவன் விட்டுச்சென்ற வைரஸ் உள்ளே இருக்குமே’ என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு விடை வாதத்தால் வராது, சோதனையால்தான் வரும். ஹார்டு டிஸ்க்கின் இணைப்பை முற்றிலும் கழற்றிவிட்டு, புதிய பென் டிரைவ் ஒன்றில் லினக்ஸை ஏற்றி, அதிலிருந்தே கணிப்பொறியை இயக்கினோம். இப்போது பழைய செயலிகள் இல்லை. பழைய கோப்புகள் இல்லை. வைரஸ் இருந்திருந்தாலும் அது கழற்றி வைத்த தட்டில் கிடக்கிறது. மூன்றாம் நாள் மாலை கணிப்பொறி நின்றது. நின்றதற்கு நாங்கள் மகிழ்ந்தோம் என்றால் நீங்கள் வியப்படைவீர்கள். அந்த ஒரு நிகழ்ச்சியால் சந்தேகத்திற்குரிய இடங்களில் பாதி கழிந்துவிட்டது. குறை எழுத்தில் இல்லை, ஏட்டில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அந்த மாணவன் மீது சுமத்திய பழியும் அன்றே நீங்கியது.

எஞ்சியவை நான்கு: வெப்பம், மின்சாரம், நினைவகம், இவற்றையெல்லாம் தாங்கும் தாய்ப்பலகை. மின்விசிறியில் படிந்த தூசியைத் துடைத்தோம், செயலியின் வெப்பம் அளவுக்குள் இருந்தது, ஆயினும் நின்றது. மின்சாரம் வழங்கும் பெட்டிக்குப் பதிலாக இரவல் பெட்டி ஒன்றை வைத்தோம், ஆயினும் நின்றது. ஒரு சமயத்தில் ஒன்றையே மாற்றினோம் என்பதைக் கவனியுங்கள். மூன்றையும் ஒரே நாளில் மாற்றியிருந்தால், குறை நீங்கியிருந்தாலும் எதனால் நீங்கிற்று என்று அறிந்திருக்க மாட்டோம்.

அடுத்து நினைவகச் சோதனை. அதற்கென்றே ‘மெம்டெஸ்ட்’ என்னும் செயலி இருக்கிறது. நினைவகத்தின் ஒவ்வோர் இடத்திலும் ஒன்றை எழுதி, மறுபடி படித்து, எழுதியதும் படித்ததும் ஒன்றா என்று பார்க்கும். தொடங்கியவுடன் பிழை இல்லை. இயந்திரம் சூடேறிய பின் பிழைகள் தோன்றின. எங்கள் கணிப்பொறியில் இரண்டு ராம் பலகைகள் இரண்டு ஸ்லாட்டுகளில் செருகப்பட்டிருந்தன. குறை பலகையிலா, ஸ்லாட்டிலா? மாணவர்கள் நான்கு கட்டம் கொண்ட அட்டவணை ஒன்றை வரைந்தார்கள். முதற்பலகை முதல் ஸ்லாட்டில்: பிழை இல்லை. முதற்பலகை இரண்டாம் ஸ்லாட்டில்: பிழை. இரண்டாம் பலகை முதல் ஸ்லாட்டில்: பிழை இல்லை. இரண்டாம் பலகை இரண்டாம் ஸ்லாட்டில்: பிழை. பலகைகள் இரண்டும் நல்லவை. இரண்டாம் ஸ்லாட்டே குற்றவாளி. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, அதன் நுண்ணிய உலோகப் பற்களில் வெண்பச்சை நிறத்தில் மெல்லிய படிவு தெரிந்தது.

இதன் காரணத்தை வேதியியல் படித்த மாணவர்கள் எளிதில் அறிவார்கள். கடற்காற்றில் நுண்ணிய உப்புத் துகள்கள் மிதந்து வருகின்றன. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால், சோற்றுப்பு காற்றிலுள்ள நீரை உறிஞ்சித் தானே கரைந்து உப்புநீராகிவிடும். கடலோர இரவுகளில் ஈரப்பதம் அதற்கு மேல் செல்வது வழக்கம். சன்னலோரம் வைத்திருந்த கணிப்பொறிக்குள், உலோகத்தின் மேல் இரவில் உப்புநீர், பகலில் உப்பு என்று மாறி மாறிப் படிந்திருக்கிறது. உலோகம் அரித்து, தொடர்பு தளர்ந்தது. சூடேறி உலோகம் சிறிது விரியும்போது அந்தத் தளர்ந்த தொடர்பு கணநேரம் அறுந்திருக்க வேண்டும். அரை மணிக்குள் நிற்காமல், பின்னர் நின்றதன் மருமம் இதுவே. இரண்டாம் ஸ்லாட்டை வெறுமையாக விட்டு, முதல் ஸ்லாட்டில் மட்டும் பலகை வைத்து, மேசையைச் சன்னலிலிருந்து உள்ளே தள்ளிப் போட்டோம்.

குறை தீர்ந்துவிட்டது என்று எப்போது சொல்லலாம்? இங்கே ஒரு சிறு கணக்கு உதவுகிறது. 21 நாளில் 11 முறை என்றால், சராசரி இரண்டு நாளுக்கு ஒருமுறை. அப்படி நிற்கும் இயந்திரம், குறை தீராமலே, தற்செயலாக இரண்டு நாள் நிற்காமல் ஓடுவதற்கு 100க்கு 37 வாய்ப்பு உண்டு. நான்கு நாள் ஓடுவதற்கு 100க்கு 13 அல்லது 14 வாய்ப்பு. ஆறு நாள் ஓடுவதற்கு 100க்கு 5 வாய்ப்பு. ஆகவே, சராசரி இடைவெளியைப் போல மூன்று மடங்கு காலமாவது பொறுத்திருந்தாலன்றி ‘சரியாகிவிட்டது’ என்று சொல்வது அவசரம். நாங்கள் மூன்று வாரம் பொறுத்தோம். ஒருமுறையும் நிற்கவில்லை. பின்னர் வேண்டுமென்றே பலகையை இரண்டாம் ஸ்லாட்டில் செருகினோம். இரண்டாம் நாள் நின்றது. எடுத்துவிட்டோம், மறுபடி நிற்கவே இல்லை. நினைத்தபோது குறையை வரவழைக்கவும், நினைத்தபோது போக்கவும் முடியுமானால், அப்போதுதான் காரணம் கைவசமாயிற்று என்று பொருள்.

அன்று மாலை படிப்பகத்தின் செயலாளர் அந்த மாணவனின் வீட்டுக்குச் சென்றார். ‘தம்பி, குறை உன்னால் அல்ல, ஸ்லாட்டில் இருந்தது. நாங்கள் பேசியதை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் வா’ என்றார். அந்த நோட்டையும் கையோடு கொண்டு போயிருந்தார். இரண்டு நாள் கழித்து மாணவன் வந்தான். வந்தவன் முதலில் கேட்டது அந்த நான்கு கட்ட அட்டவணையைத்தான்.

சிற்றூரில் நாங்கள் கையாண்ட முறை புதியதன்று. உலகின் தலைசிறந்த பொறியாளர்களும் இதே வழியில்தான் செல்கிறார்கள். 1997ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் அமெரிக்காவின் ‘பாத்ஃபைண்டர்’ விண்கலம் செவ்வாய்க் கோளில் இறங்கியது. இறங்கிய சில நாட்களில் அதன் கணிப்பொறி அவ்வப்போது தானே அணைந்து மீண்டும் தொடங்கலாயிற்று. ஒவ்வொரு முறையும் அன்றைய வேலை தடைப்பட்டது. இயந்திரமோ ஏறத்தாழ 19 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. திறந்து பார்க்க வழியில்லை.

பொறியாளர்கள் அதன் இணையான படி ஒன்றைப் பூமியில் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு கணமும் எந்த வேலை நடக்கிறது என்று பதிவு செய்யும் ஏற்பாட்டுடன், அந்தக் குறை தோன்றும் வரை அதனை மீண்டும் மீண்டும் ஓட்டினார்கள். தோன்றியதும் பதிவேட்டைப் புரட்டினார்கள்; காரணம் புலப்பட்டது. அதைப் பள்ளிக்கூட உவமையால் சொல்கிறேன். ஆய்வுக்கூடச் சாவி அலுவலக உதவியாளரிடம் இருக்கிறது. தலைமையாசிரியர் அந்தச் சாவிக்காகக் காத்திருக்கிறார். உதவியாளர் கொடுக்கப் புறப்படும்போது, இடைநிலையில் உள்ள ஆசிரியர் ஒருவர் அவரை அழைத்து வேறொரு நீண்ட வேலையை ஏவுகிறார். உதவியாளரால் மறுக்க முடியாது. தலைமையாசிரியர் காத்துக்கொண்டே இருக்கிறார், மணி அடிக்கிறது, பள்ளி ஸ்தம்பிக்கிறது. பாத்ஃபைண்டரிலும் இதுவே நடந்தது. வானிலை விவரம் திரட்டும் சிறிய வேலை சாவியை வைத்திருந்தது. தகவல் பரிமாற்றத்தைக் கவனிக்கும் மிக முக்கியமான வேலை அதற்காகக் காத்திருந்தது. நடுத்தர வேலை ஒன்று குறுக்கே புகுந்தது. முக்கியமான வேலை குறித்த நேரத்தில் முடியாததைக் கண்ட காவல் கடிகாரம், முழு இயந்திரத்தையும் அணைத்துத் தொடங்கிவிட்டது. பெரியவர் ஒருவர் காத்திருக்கும் வரை, சாவி வைத்திருப்பவருக்கும் அந்தப் பெரியவரின் மதிப்பையே தரவேண்டும் என்ற விதியை இயக்கி வைத்தார்கள். குறை தீர்ந்தது. இதே குறை ஏவுவதற்கு முன்பும் தலைகாட்டியிருந்தது. தேடியபோது மீண்டும் வராததால் அப்போது பிடிபடவில்லை. வராத குறை, இல்லாத குறை ஆகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சில வேளைகளில் காரணம் நாம் கனவிலும் கருதாத இடத்திலிருந்து வரும். 2003ஆம் ஆண்டு பெல்ஜியம் நாட்டில் ஸ்கார்பேக் என்னும் நகரப் பகுதியில், வாக்கு எண்ணும் கணிப்பொறி ஒரு வேட்பாளருக்குக் கிடைத்திருக்கவே முடியாத அளவு வாக்குகளைக் காட்டியது. மறுபடி எண்ணியபோது 4,096 வாக்குகள் மிகுதியாகச் சேர்ந்திருந்தது தெரிந்தது. இந்த எண்ணைக் கூர்ந்து பாருங்கள். பன்னிரண்டு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் வருவது, அதாவது 2இன் 12ஆம் அடுக்கு, 4,096. நினைவகத்தில் ஒரே ஓர் இடத்தில் பூச்சியம் ஒன்றாக மாறினால் இப்படி நேரும். செயலியில் தவறு காணப்படவில்லை. விண்ணிலிருந்து வந்த துகள் ஒன்று தாக்கியிருக்கலாம் என்று கருதினார்கள். முடிவாக நிறுவ இயலவில்லை. 1970களின் இறுதியில் இன்டெல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், நினைவகச் சில்லுகளை மூடும் பீங்கான் உறையில் இருந்த மிகச் சிறிதளவு யுரேனியமும் தோரியமும் வெளியிடும் ஆல்பாத் துகள்களே சில பிழைகளுக்குக் காரணம் என்று கண்டறிந்தார்கள்.

விண்ணிலிருந்து துகள்கள் வருவது கற்பனையன்று. நம் உதகமண்டலத்தில் ‘கிரேப்ஸ்-3’ என்னும் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே 560 சதுர மீட்டர் பரப்புள்ள கருவி, அண்டக் கதிர்களால் விளையும் மியூவான் துகள்களை இரவும் பகலும் எண்ணிக்கொண்டிருக்கிறது. நீங்கள் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, உங்கள் கட்டைவிரல் நகத்தின் அளவுள்ள பரப்பில் நிமிடத்திற்கு ஒன்று வீதம் அவை பாய்ந்து செல்கின்றன. மிகப் பெரும்பாலானவை சுவடின்றிப் போய்விடுகின்றன. அண்டக் கதிர்களால் விளையும் துகள் ஏதேனும் எப்போதோ ஒருமுறை நினைவகத்தின் ஓர் எழுத்தை மாற்றிவிடலாம். ஆதலின்தான் பெரிய வங்கிகளின் கணிப்பொறிகளில் பிழையைத் தானே கண்டு திருத்தும் நினைவகத்தை வைக்கிறார்கள். எனினும் ஒன்று சொல்வேன்: விண்மீன்களைக் குற்றம் சாட்டுமுன் மின்விசிறியின் தூசியைத் துடைத்துப் பாருங்கள். வெப்பம், தளர்ந்த இணைப்பு, ஏறி இறங்கும் மின்சாரம், நிறைந்துபோன நினைவகம், தேய்ந்த ஹார்டு டிஸ்க், பொருந்தாத செயலி ஆகிய பழகிய காரணங்களை எல்லாம் கழித்த பிறகே அரிய காரணத்திடம் செல்லவேண்டும்.

காரணத்தைத் தேடாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு இங்கிலாந்து விடை சொல்லும். அங்கே 1999 முதல் அஞ்சல் நிலையங்களில் ‘ஹொரைசன்’ என்னும் கணிப்பொறி ஏற்பாடு வந்தது. அதைத் தொடர்ந்து பல அஞ்சல் நிலையங்களில் கணக்குக்கும் கையிருப்புக்கும் இடையே பணம் குறைந்தது. கணிப்பொறி தவறு செய்யாது என்றார்கள். நிலையத்தை நடத்தியவர்களே திருடினார்கள் என்றார்கள். 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்டோர் திருட்டு, மோசடி, பொய்க்கணக்கு முதலிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். பலர் வீடும் தொழிலும் இழந்தனர். உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு.

அந்த ஏற்பாட்டில் பல குறைகள் இருந்தன. அவற்றுள் ஒன்று நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. ஸ்காட்லாந்தில் டால்மெல்லிங்டன் என்னும் சிற்றூரின் பெயரால் அது வழங்குகிறது. பணம் வந்து சேர்ந்ததை உறுதி செய்யும்போது திரை நின்றுவிடும். நின்ற திரையைக் கண்டவர் என்ன செய்வார்? நீங்களும் நானும் செய்வது போல, என்டர் விசையை மறுபடியும் மறுபடியும் தட்டுவார். திரை அசையாது; ஆனால் உள்ளே ஒவ்வொரு தட்டலுக்கும் அதே பணம் இன்னொரு முறை வந்ததாகக் கணக்கு ஏறிக்கொண்டிருக்கும். அவ்வாறு அந்த ஊரில் 24,000 பவுன் வேறுபாடு தோன்றியது. வராத பணத்திற்கு அங்கே ஒரு மனிதரைப் பொறுப்பாக்க முயன்றார்கள்.

ஆலன் பேட்ஸ் என்பவரும் 500க்கு மேற்பட்ட தோழர்களும் பல்லாண்டு போராடி வழக்குத் தொடர்ந்தனர். ஒவ்வொரு நிலையத்திலும் ‘உங்களுக்கு மட்டும்தான் இப்படி’ என்று சொல்லப்பட்டு வந்தவர்கள், ஒன்றுகூடித் தத்தம் அனுபவத்தை ஒப்பிட்டபோதுதான் அது தம்மோடு மட்டும் நிற்பதன்று என்று அறிந்தார்கள். 2019 டிசம்பரில் லண்டன் உயர்நீதிமன்றம் அந்தக் கணிப்பொறி ஏற்பாட்டில் பிழைகளும் குறைகளும் இருந்தன என்று தீர்ப்பளித்தது. 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனையை ஒரே நாளில் நீக்கியது. 2024இல் தனிச் சட்டமே இயற்றி எஞ்சியவர்களுள் பெரும்பாலோரின் தண்டனையை நீக்கினார்கள். கடப்பாக்கத்தில் ஒரு மாணவன் சில வாரம் படிப்பகத்துக்கு வராமல் இருந்ததற்கும், அங்கே நூற்றுக்கணக்கானோர் வாழ்விழந்ததற்கும் அளவில்தான் வேறுபாடு, வேர் ஒன்றே. இயந்திரத்தின் நடத்தையைப் பதிவு செய்து பார்க்காமல், அதன் அருகில் இருந்த மனிதனைப் பார்த்தார்கள்.

மாணவ மாணவியரே, உங்கள் வீட்டுக் கணிப்பொறி நின்றுபோகுமானால், இந்த ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள். முதலில் உங்கள் கோப்புகளைப் படியெடுத்து வையுங்கள். அடுத்து, ஒரு நோட்டில் நாளும் மணியும் சூழ்நிலையும் எழுதுங்கள். நினைவை நம்பவேண்டாம், ஏனெனில் நாம் நம்ப விரும்புவதையே அது காட்டும். பிறகு, சந்தேகத்தைப் பாதியாகப் பிரிக்கும் சோதனையைத் தேடுங்கள். ஒரு சமயத்தில் ஒன்றையே மாற்றுங்கள். குறை நீங்கியதாகத் தோன்றினால், சராசரி இடைவெளியைப் போல மூன்று மடங்காவது பொறுத்திருங்கள். கணிப்பொறியின் பெட்டியைத் திறக்க நேர்ந்தால், மின் இணைப்பை முற்றிலும் எடுத்துவிட்டு, விவரம் அறிந்த பெரியவர் ஒருவர் அருகில் இருக்கும்போது மட்டும் திறவுங்கள். மின்சாரம் வழங்கும் பெட்டியை எக்காரணத்தாலும் பிரிக்காதீர்கள். திரை நின்றுவிட்டால் என்டரை மேலும் மேலும் தட்டாதீர்கள். பணம் செலுத்தும் வேளையாக இருந்தால், முதற்பணம் சென்றதா என்று கணக்கைப் பார்த்த பின்னரே மறுபடி செலுத்துங்கள்.

உங்களில் சிலர் நாளை மருத்துவர் ஆவீர்கள். சிலர் பொறியாளர், சிலர் ஆசிரியர், சிலர் நீதிபதி. விட்டுவிட்டு வரும் காய்ச்சலும், எப்போதாவது மட்டும் ஆடும் பாலமும், சில நாள் மட்டும் பள்ளிக்கு வராத பிள்ளையும் உங்கள் முன் வந்து நிற்பார்கள். அப்போது ‘யார் செய்தது?’ என்ற கேள்வி நாவின் நுனிக்கு வரும். அதைச் சற்றே நிறுத்தி, ‘எப்போது, எங்கே, எந்த நிலையில் நிகழ்கிறது?’ என்று கேட்டு, விடையை எழுதி வைக்கும் பழக்கத்தை இப்போதே தொடங்குங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். இன்றிரவே அதைக் கணிப்பொறியின் அருகில் வையுங்கள். ஒரு பென்சிலையும் நூலால் கட்டி வையுங்கள், இல்லாவிட்டால் அதுவும் ‘காரணமே இல்லாமல்’ காணாமல் போய்விடும்.